நாற்பத்து மூன்று இளம் தாழைக்கோழிகள்

பம்பரம் என்று பெயர் வைத்தவன் யாரோ, ஆளை அளந்துதான் வைத்திருக்கிறான். பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் அவர். ஸ்டீயரிங் முன்னால் இருக்கும்வரை உடம்பு ஒரு கட்டுக்குள் இருக்கும். கீழே இறங்கினாரோ, போச்சு. டயரை உதைத்துப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். டீ வாங்கினால் பாதி கிளாஸ் காலியாவதற்குள் கடையை மூன்று சுற்று சுற்றிவிடுவார். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "உங்க கால்ல ஒரு மாவு மெஷினைக் கட்டிவிட்டா தெருவுக்கே அரைச்சுக் கொடுக்கலாம்" என்பாள் மனைவி.

அதே பஸ்ஸின் கண்டக்டர் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் என்றால் டிப்போவில் வாய் சும்மா இருக்குமா? "சம்பந்தி வீட்டு வண்டி கிளம்பிடுச்சுப்பா" என்பார்கள். மச்சான் இவருக்கு நேர் எதிர். கிடைத்த இடத்தில் தூங்குகிற வரம் வாங்கி வந்தவர். கடைசி ஸ்டாப்பில் வண்டி இருபத்தைந்து நிமிடம் நிற்கும். அதில் இருபத்து நான்கு நிமிடம் அவருடைய குறட்டைக்கே போய்விடும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு பம்பரம் என்ன செய்வார், பாவம்? கடைசி ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம். கோரையும் நாணலும் ஆளுயரத்துக்கு நிற்கும், நடுவே தண்ணீர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில், காலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் கரையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் டீச்சரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவர். தினமும் இவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். அன்றைக்கு முக்காலியில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் கறுப்பா இருக்கு. எது தாழைக்கோழி, எது நாமக்கோழின்னு இந்த வெளிச்சத்துல யார் சொல்றது?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா ரெண்டும் வேற வேற ஆளு" என்றார் பம்பரம்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இவரு வாலை வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டிக்கிட்டே போறாரு, பஸ்ஸை விட்டவன் மாதிரி. அவருக்கு வாலே இல்ல. பானையைக் கவுத்துப் போட்ட மாதிரி மிதக்கறாரு. இப்ப முங்குவாரு பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, முங்கியது. டீச்சர் தொலைநோக்கியை விட்டுவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார். "வாலை ஆட்டறதுதான் தாழைக்கோழி. முங்கினது நாமக்கோழி. நான் எத்தனையோ வருஷமா நெத்தியைப் பாத்தே கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன். தாழைக்கோழிக்கு நெத்தியில செவப்பு, நாமக்கோழிக்கு வெள்ளை. நீங்க நடையைப் பாத்தே சொல்லிட்டீங்களே!"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். டீச்சர் ஒரு பறவைப் புத்தகத்தின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதை டிரைவர் சீட்டுக்கு மேலே செருகி வைத்துக்கொண்டு கடைசி ஸ்டாப்பில் தினமும் கரைக்கு ஓடினார். நீலக்கோழி கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, மனுஷன் கரும்பு கடிக்கிற மாதிரி நின்று தின்பதை முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாணலுக்குள் தண்டு முறிகிற சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது நீலக்கோழியா, எருமைக்கன்றா என்று சொல்லுவார். இதில் ஒரு அதிசயம், கரையில் நிற்கும்போது மட்டும் அவர் கால் ஆடாது. "மாப்ளே, உன்னைக் கட்டிப்போட ஒரு கோழி போதும்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்துலயே சீரா கொடுத்திருப்போமே" என்பார் மச்சான்.

டீச்சர் மாதாமாதம் ஈரநில ஆபீசுக்குப் பறவைக் கணக்கு அனுப்புகிறவர். வார நாட்களில் அவருக்குப் பள்ளி இருப்பதால் அந்தக் கணக்கு பம்பரத்தின் கைக்கு வந்தது. இந்த வருடம் படிவத்தில் புதிதாக இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள்: பெரியது எத்தனை, இளசு எத்தனை. பம்பரம் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்தார். பெரியதற்கு நெற்றியில் கேடயம் போலச் சிவப்பு இருக்கும், இளசுக்கு இருக்காது என்று போட்டிருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று மூன்று மாதம் பார்த்தார். ஒவ்வொரு தாழைக்கோழியாக நெற்றியைத் தேடினார். அலகு நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தது. அதற்கு மேலே கறுப்புத் தலை. கேடயத்தைக் காணோம். ஆகவே இளசு என்று எழுதினார். பின்னால் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போனவற்றை மட்டும், பிள்ளை பெற்றது பெரியதாகத்தானே இருக்க வேண்டும் என்று, பெரியது கட்டத்தில் போட்டார். மொத்தம் ஐந்து பெரியது, நாற்பத்து மூன்று இளசு. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈரநில ஆபீசிலிருந்து டீச்சருக்குப் பதில் வந்தது. ஐந்து பறவைக்கு நாற்பத்து மூன்று பிள்ளையா, மற்ற பெரியவை எல்லாம் எங்கே போயின, நோயா, வேட்டையா என்று கேட்டிருந்தார்கள். டீச்சர் பதறிப்போய் அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே தொலைநோக்கியோடு வந்து இறங்கினார்.

வெளிச்சம் நன்றாக இருந்தது. இருபதடி தள்ளி ஒரு தாழைக்கோழி சேற்றில் நடந்து வந்தது.

"இது என்ன?" என்றார் டீச்சர்.

"இளசு."

"விளையாடாதீங்க."

"விளையாட என்ன இருக்கு? நெத்தியில ஒண்ணுமே இல்லையே!"

டீச்சர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்து, "இதுல பாருங்க" என்றார். பம்பரம் பார்த்தார். மஞ்சள் பொட்டு தெரிந்தது, கறுப்புத் தலை தெரிந்தது. நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"செக்கச்செவேல்னு இருக்கு. இத்துனூண்டு பையன் கூடச் சொல்லுவான்" என்ற டீச்சரின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. நாணல் ஓரத்தில் நின்ற நீலக்கோழியைக் காட்டினார். "அதோட அலகு என்ன கலர்?"

"கறுப்பு மாதிரி. இல்லன்னா அட்டக்கறுப்பு. ஏன்?"

டீச்சர் திரும்பி, ஸ்டாப்பில் நின்றிருந்த பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"நீங்க சிக்னல்ல எப்படி நிக்கறீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இது என்ன கம்பசூத்திரமா? எல்லாரும் அப்படித்தானே ஓட்டறாங்க!"

"எல்லாரும் அப்படி ஓட்டல" என்றார் டீச்சர்.

சின்ன வயதில் பழுக்காத பழத்தைப் பறித்து வந்து வாங்கிய அடி, சட்டை விஷயத்தில் நண்பர்கள் செய்த கேலி, எல்லாம் பம்பரத்தின் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வந்தன. கலர் விஷயத்தில் தான் கொஞ்சம் மட்டு என்று அவருக்குத் தெரியும். பாட்டு வராதவன் இல்லையா, கணக்கு வராதவன் இல்லையா, அந்த மாதிரி என்று நினைத்திருந்தார். கண்ணெதிரே இருக்கிற ஒன்று தனக்கு மட்டும் இல்லாமலே போகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபம் முந்திக்கொள்ளும்.

"டீச்சர், நீங்க கோழியை எண்ணுங்க. என் வண்டியை நான் பாத்துக்கறேன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது உங்க வாயாலதான் வரணும். கணக்கை நான் திருத்தி அனுப்பிக்கறேன்." தொலைநோக்கியை மடக்கினார். "ஆனா எனக்கும் உசிரு வெல்லம்தான். திங்கக்கிழமையிலேருந்து நான் உங்க பஸ்ல வரமாட்டேன். மன்னிச்சுக்குங்க."

திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனவரை என்ன செய்வது?

வீட்டில் அன்றைக்கு அவர் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். அடுப்படிக்கும் வாசலுக்கும் பதினோரு அடி. போவதும் வருவதுமாக இருந்தவர், திடீரென்று தக்காளிக் கூடையைக் கவிழ்த்துத் தரையில் பரப்பினார். பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்று பிரித்தார். மனைவி வந்து பார்த்தாள். குனிந்து, பழத்தின் பக்கமிருந்து மூன்றைக் காயின் பக்கம் மாற்றி வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"கல்யாணமான ஒரு மாசத்துல தெரியும். பச்சைச் சட்டையைக் கொண்டாங்கன்னா காப்பிப்பொடிக் கலரைக் கொண்டாந்து நிப்பீங்க. அதான் அன்னையிலேருந்து தினமும் நானே எடுத்து வைக்கறேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும் தெரிஞ்சிருக்குமா? பதினாலு வருஷமா ஒழுங்கா ஓட்டிட்டுத்தானே இருந்தீங்க! யாரு உங்களைக் கோழி மூஞ்சியைப் பாக்கச் சொன்னது? வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா ஆயிடுச்சு." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த வேலை போனா உங்களால ஒரு இடத்துல உட்கார்ந்து வேற என்ன வேலை பாக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. வேறொரு டிப்போவில் நடந்த விபத்துக்குப் பிறகு, நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள் எல்லோருக்கும் கண் சோதனை என்று உத்தரவு போட்டிருந்தார்கள். வேலைக்குச் சேரும்போது வைத்த மாதிரி வெறும் எழுத்துச் சோதனை இல்லை. புள்ளிப் புள்ளியாகக் கலர் தெளித்து, நடுவில் ஒரு எண்ணை ஒளித்து வைத்திருக்கும் புத்தகத்தைக் காட்டுவார்கள். தவறினால் லைசென்ஸ் அன்றைக்கே கையை விட்டுப் போகும். பம்பரத்தின் முறை திங்கட்கிழமை. சனிக்கிழமை காலைவரை அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தங்கை சொல்லியிருக்கிறாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் தூக்கம் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"போன வாரம் சோதனைக்குப் போனவங்க நாலு பேரைப் பிடிச்சுக் கேட்டு எழுதினேன். எல்லாருக்கும் ஒரே வரிசைதான். பதினேழு, நாலு, அறுபத்து ரெண்டு, ஒம்பது... மொத்தம் பதினாறு. பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணு."

"தப்பில்லையா மச்சான்?"

"என்ன தப்பு? யாரையாவது ஏமாத்தறோமா? பதினாலு வருஷத்துல வண்டியில ஒரு கீறல் உண்டா சொல்லு. உன்னைவிட நல்லாக் கண்ணு தெரியறவனெல்லாம் போய் மரத்துல முட்டறான். ஒரு புள்ளிப் புத்தகமா உன்னைப் பத்திச் சொல்லப் போகுது?"

பம்பரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. பதினேழு, நாலு, அறுபத்து இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே பதினோரு அடியை நடந்தார். பொழுது சாய்வதற்குள் தலைகீழாகச் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவரோடு சேர்த்து முப்பது டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஒரு கையால் பக்கத்தைப் புரட்டி, இன்னொரு கையால் படிவத்தில் டிக் போட்டுக்கொண்டு, நடுநடுவே கொட்டாவியும் விட்டார். பம்பரம் புத்தகத்தைப் பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. புள்ளிகள் இருந்தன, எண் எங்கேயும் இல்லை. பாட்டை எடுத்துவிட்டார்.

எட்டாவதோ ஒன்பதாவதோ சொல்லும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. அதைப் பம்பரம் பார்த்துவிட்டார். எந்த எண்ணைச் சொல்வது? ஒன்றைத் தாண்ட வேண்டுமா, கூடாதா? பாட்டில் அடுத்து வருவதையே சொன்னார். அது இந்தப் பக்கத்து எண் இல்லை. நிச்சயமாக இல்லை. டாக்டர் டிக் போட்டார். அதற்கடுத்த தப்புக்கும் டிக். கடைசிவரை டிக்.

"நல்ல கண்ணுய்யா உனக்கு. அடுத்த ஆள் வாங்க."

வெளியே, காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்து நின்ற மச்சான் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் "அப்பாடா" என்று விட்ட மூச்சு காதில் சுட்டது. பம்பரத்துக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தால் நம்பிவிடலாம். அந்த மனுஷன் காதில் வாங்கவே இல்லையே!

மறுநாள் செவ்வாய்க்கிழமை. டீச்சர் வழக்கமாக ஏறுகிற ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். பம்பரம் கதவைத் திறந்தார். மற்றவர்கள் ஏறினார்கள். டீச்சர் குனிந்து பையில் எதையோ தேடுவதுபோல நின்றார். நேற்றும் இப்படித்தான் நின்றாராம், மாற்று டிரைவர் என்று தெரிந்த பிறகுதான் ஏறினாராம், மச்சான் சொல்லித் தெரிந்தது. கதவை மூடும்போது பம்பரத்துக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. சரிதான் போம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பாலத்தில் அன்று காலைதான் பழுதுபார்க்கும் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். பாதிப் பாலத்தை அடைத்துவிட்டார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் மாறி மாறிப் போக வேண்டும். அதற்காக இந்த முனையில் கம்பத்தில் ஒரே ஒரு விளக்கு. மேல் கீழ் எதுவும் கிடையாது. அதே வட்டம்தான் சிவப்பாகும், அதேதான் பச்சையாகும். இவருக்கு முன்னால் வேறு வண்டியும் இல்லை, பின்பற்றிப் போவதற்கு.

எதிர் வெயிலில் வட்டம் எரிந்துகொண்டிருந்தது. பம்பரம் அதையே பார்த்தார். மாறிற்றா? மாறின மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மச்சான் பின்வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்கலாம். ஐம்பது பேருக்கு முன்னால் எப்படிக் கேட்பது? மறுபடியும் ஹாரன். இவ்வளவு நேரம் நின்றாயிற்று, பச்சையாகத்தான் இருக்கும் என்று கிளட்சை விட்டார்.

பாதிப் பாலத்தில் எதிரே பள்ளிக்கூட வேன் வந்தது. வேகமாக வந்தது, அதற்கு உரிமை இருந்தது. பம்பரம் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்கள் மொத்தமாக முன்னால் வந்து விழுந்தார்கள். வேனின் முகப்புக் கண்ணாடிக்கும் இவர் கண்ணாடிக்கும் இடையில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் மிச்சம். வேனுக்குள் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"செவப்பு போட்டிருக்கான்ல? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று வேன் டிரைவர் கத்தினான்.

அதற்கு பஸ்ஸுக்குள்ளிருந்து பதில் போனது பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "ஏய், யாரைப் பாத்துப் பேசறே? எங்க டிரைவர் பதினாலு வருஷமா ஓட்டறவரு!" என்று ஒரு அம்மா சண்டைக்குப் போனாள். "லைட்டு கோளாறா இருக்கும். இன்னைக்குக் காலையிலதானே நட்டாங்க" என்றார் இன்னொருவர். தினமும் முன்சீட்டில் உட்காரும் மருந்துக்கடைக்காரர் கம்பியில் முட்டிக்கொண்டு, கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல டிரைவர். நீங்க பதறாதீங்க. உங்க மேல என்ன தப்பு?" என்று அவர்தான் இவரைத் தேற்றினார்.

கைக்குட்டையில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மை கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று பம்பரம் நினைத்தார்.

"ஐயோ, என்ன சார் இப்படி ரத்தம் கொட்டுது!" என்று மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பம்பரம் மறுபடி கைக்குட்டையைப் பார்த்தார். அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது.

வண்டியைப் பின்னால் எடுத்து, பாலத்துக்கு வெளியே ஓரமாக நிறுத்தினார்கள். மருந்துக்கடைக்காரரை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். வேனும் போய்விட்டது. மச்சான் டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"லைட்டு ரிப்பேர்னு எழுதிடலாம் மாப்ளே. ஐம்பது பேரும் சாட்சி சொல்வாங்க. இனிமே நான் முன்னாலயே நின்னுக்கறேன். மாறினதும் உனக்குக் குரல் கொடுக்கறேன், யாருக்கும் தெரியாது."

பம்பரம் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து மச்சானின் கையில் வைத்தார். போனை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டார்.

"பத்தொன்பதாம் நம்பர் சார். பாலத்துக்கிட்ட நிக்கறேன். வண்டியை எடுக்க வேற டிரைவரை அனுப்புங்க."

"ஏன்யா, உடம்பு சரியில்லையா?"

"கண்ணு சார். எனக்குச் செவப்பு தெரியாது."

"என்னய்யா உளர்றே? நேத்துதானே சோதனையில பாஸ் பண்ணே?"

"மனப்பாடம் பண்ணிச் சொன்னேன் சார்."

மச்சான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். பம்பரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அடுத்த கேள்வி வந்தது.

"எப்பலேருந்துய்யா இப்படி?"

"பொறந்ததுலேருந்து சார்."